பாதியிலிருந்து பார்த்த படம்

எங்கள் சபையின் ஆலயக் கட்டிடக் குழுக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணி பத்தேகால். போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, கால்மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மனைவி படம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் சிவப்புக் கோட் போட்ட ஒரு பெண்ணும் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவரும் ஒரு மரச் சர்ச்சின் வாசலில் பனியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் இவர்கள் என்று கேட்டேன். அவள் படத்தை நிறுத்தவில்லை.

"அவன் பொண்டாட்டி செத்துப்போயிட்டா. மூணு வருஷமா சர்ச் பக்கமே வர்றதில்ல. இவ கொயருக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க வந்திருக்கா."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "பேசுறப்ப வாயிலேர்ந்து ஆவியே வரல, பாத்தீங்களா?"

நான் கவனித்திருக்கவில்லை. அதற்கப்புறம் அது மட்டும்தான் கண்ணில் பட்டது. சுற்றிலும் முழங்கால் அளவு பனி, மூக்கு வரை மப்ளர், ஆனால் மூச்சில் குளிரே இல்லை. தொலைக்காட்சிக்காக எடுக்கும் இந்த வகைக் கிறிஸ்துமஸ் காதல் படங்களில் பலவற்றைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், கோடையில் எடுக்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் ஒளிபரப்ப வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்டில் எடுத்தாக வேண்டும். தரையில் வெள்ளைத் துணியை விரித்து, மரக்கிளைகளில் நுரையை அடித்து, கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே காதலைச் சொல்லி முடிக்கிறார்கள். எல்லாம் மூன்று வாரத்துக்குள். விளம்பரத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரம் ஓட வேண்டும் என்பதால் படம் மட்டும் சுமார் 84 நிமிடம். நாயகனும் நாயகியும் முத்தமிட்டுக்கொள்வது அதில் கடைசி இரண்டு நிமிடத்தில்.

இந்தப் பனி விஷயம் தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. 1946-இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தையும் கோடை வெயிலில்தான் எடுத்தார்கள். அதுவரை ஹாலிவுட்டில் கார்ன்ஃபிளேக்ஸுக்கு வெள்ளை அடித்துப் பனியாகக் கொட்டுவது வழக்கமாம். அதன்மேல் நடந்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனம் கேட்காது. அந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து, சத்தம் போடாத ஒரு பனியைச் செய்தார்கள். அதற்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. பொய்ப் பனி எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அந்தப் பனியில் நிற்பவர்கள் செய்யும் ஜெபம் மெய்யாக இருக்கிறதா என்பதில்தான் எனக்குப் பல வருடமாக ஒரு பிணக்கு.

அது என்ன பிணக்கு என்று சொல்கிறேன். விசுவாசம் சார்ந்த கிறிஸ்துமஸ் காதல் படம் என்று சொல்லி வருபவற்றில் சர்ச் தவறாமல் இருக்கும். கூர்கோபுரம், மெழுகுவர்த்தி ஆராதனை, நல்ல மனம் கொண்ட வயதான போதகர், பழுதாகிக் கிடக்கும் மணி, அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரு தச்சர். நகரத்திலிருந்து ஊர் திரும்பும் ஒரு பெண். கடவுளிடம் கோபித்துக்கொண்ட ஓர் ஆண். இவ்வளவும் வைத்துக்கொண்டு, கடைசியில் விசுவாசத்துக்குக் கொடுக்கும் வேலை பின்னணி அலங்காரம். நாயகி கண்ணை மூடி ஒரு வரி ஜெபிப்பாள். அடுத்த காட்சியில் பனி விழும். மறு நாள் பணம் வந்து சேரும். மூன்றாம் நாள் அவன் ஆராதனையின் கடைசி வரிசையில் வந்து நிற்பான். கேட்டதெல்லாம் 84 நிமிடத்துக்குள் கிடைத்துவிடுகிற இடத்தில் விசுவாசத்துக்கு என்ன வேலை இருக்கிறது?

அதைவிட என்னை அதிகம் வருத்துவது அந்த இறந்த மனைவி. அனேகமாக எல்லாப் படத்திலும் ஒருத்தி இருப்பாள். அலமாரி மேல் சட்டம் போட்ட புகைப்படத்தில் சிரித்துக்கொண்டு. அவளுக்கு ஒரு நோய் வந்திருக்கும், நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். படத்தின் முக்கால் பங்கில் அவள் எழுதிவைத்த ஒரு கடிதம் கிடைக்கும். நீ மறுபடி சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அதில் அனுமதி கொடுத்திருப்பாள். அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு சர்ச்சுக்கு ஓடுவான். ஒரு மனுஷியை இழந்த துக்கம் அப்படி ஒரு கடிதத்தோடு முடியக்கூடியது அல்ல. சாவைத் தொடுவதானால் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரமாவது உட்கார வேண்டும். வேதாகமத்தில் இறந்துபோன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு முதலில் கண்ணீர் விட்டார். அந்த ஒரு வசனத்துக்குக்கூட இந்தப் படங்களில் நேரம் இல்லை.

இதை நான் அன்றைக்கு மனைவியிடம் சொன்னேன். இன்னும் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். இந்தப் படங்களைப் போடும் ஹால்மார்க் சேனல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று வரலாறு எல்லாம் எடுத்துவிட்டேன். உண்மையிலேயே அது ஆச்சரியமான வரலாறு. 1988-இல் அமெரிக்காவில் பல சபைகள் சேர்ந்து செயற்கைக்கோள் வழியே ஒரு பல்சமயத் தொலைக்காட்சியைத் தொடங்கின. பிறகு அது வேறொரு கிறிஸ்தவச் சேனலோடு நேரத்தைப் பகிர்ந்துகொண்டது. 1996-இல் ஒடிசி என்று பெயர் மாறியது. 2001-இல் ஹால்மார்க் ஆனது. 2009-இலிருந்து கிறிஸ்துமஸ் காலம் முழுவதும் இரவும் பகலும் கிறிஸ்துமஸ் படங்களாகவே போடத் தொடங்கினார்கள். பிரசங்கமும் ஆராதனையும் ஒளிபரப்பான அதே அலைவரிசையில், மெல்ல மெல்ல இயேசுவின் பெயர் சொல்லாத கிறிஸ்துமஸ் வந்து உட்கார்ந்தது. பிறகு அங்கே தலைவராக இருந்த பில் அபாட் வெளியேறி, 2021-இல் வேறொரு சேனலைக் கையில் எடுத்தார். அதுதான் இன்றைய கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி. ஹால்மார்க்கின் கிறிஸ்துமஸ் முகமாகவே இருந்த நடிகை கேண்டேஸ் கேமரன் ப்யூர் 2022-இல் அங்கே போனார். விசுவாசத்தை மறைக்காமல் சொல்லும் கதைகள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். 2023-இல் கிறிஸ்தவப் படங்களை இணையத்தில் தரும் ப்யூர் ஃபிளிக்ஸும் அவர்களோடு சேர்ந்தது. ஆக, இப்போது பெயரைச் சொல்கிறார்கள், ஜெபத்தைக் காட்டுகிறார்கள். ஆனாலும் கதை அச்சு அதேதான் என்றேன்.

மனைவி முழுக்கக் கேட்டாள். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதுல எல்லாம் முடிவு முன்னாடியே தெரியும்ங்க. அதனாலதான் பாக்குறேன்."

எனக்குப் பேச்சு நின்றுபோனது. ஏனென்றால் அவள் இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கியது எந்த டிசம்பரில் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணமான நான்காவது வருடம் அது. ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தையை இழந்தோம். டிசம்பர் முதல் வாரம். குழந்தைக்காக மூன்று வருடம் ஜெபித்தவர்கள் நாங்கள், சபையும் ஜெபித்தது. அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இரண்டு பேரும் போனோம். முன்வரிசையில் சிறுவர்கள் இயேசு பிறப்பைக் காட்டும் முன்னணை நாடகம் போட்டார்கள். துணியில் சுற்றிய ஒரு பொம்மையை ஒரு சிறுமி கவனமாகத் தூக்கிவந்து வைக்கோலில் படுக்கவைத்தாள். என் மனைவி கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வதென்று தெரியாததால் நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அடுத்த மாதம் புதிய ஆலயக் கட்டிடக் குழுவில் சேர்ந்தேன்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒன்பது வருடம் ஆனது. வைக்கச் செய்தது ஒரு பழைய படம்.

1947-இல் வந்த 'தி பிஷப்ஸ் வைஃப்'. ஹென்றி கோஸ்டர் இயக்கியது. ராபர்ட் நாதன் 1928-இல் எழுதிய நாவலை வைத்து சாமுவேல் கோல்ட்வின் தயாரித்தார். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள், கிடைத்தது ஒலிப்பதிவுக்கு மட்டும். அந்தக் காலத்தில் பேராயர் என்று தலைப்பில் இருந்ததாலேயே பக்திப் படமென்று நினைத்துச் சனம் ஒதுங்கியதாம். சில ஊர்களில் நடிகர் கேரி கிராண்ட்டின் பெயரைத் தலைப்போடு சேர்த்து விளம்பரம் செய்ய வேண்டி வந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு மறுவாரம், அதேபோல ஒரு கூட்டம் முடிந்து தாமதமாக நான் வந்தபோது, மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளை. நான் உட்கார்ந்த நேரத்தில் ஓர் ஆள் அலுவல் அறையில் தனியாக நின்று ஜெபித்துக்கொண்டிருந்தார்.

அவர் பேராயர் ஹென்றி, நடித்தவர் டேவிட் நிவன். ஒரு பெரிய பேராலயம் கட்டப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார். பணம் வைத்திருப்பவர் திருமதி ஹாமில்டன் என்ற பணக்கார விதவை. இறந்துபோன தன் கணவரின் பெயர் பேராலயத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் நிபந்தனை. ஹென்றி களைத்துப்போயிருக்கிறார். மனைவி ஜூலியாவோடு உட்கார்ந்து பேச நேரமில்லை. சுவரில் பேராலயத்தின் ஓவியம் மாட்டியிருக்கிறது. அதன் முன்னால் நின்று கடவுளே உதவி செய்யும் என்கிறார். திரும்பினால் அறைக்குள் ஓர் ஆள். டட்லி, தேவதூதன், கேரி கிராண்ட். இறக்கை கிடையாது, நல்ல சூட் போட்டிருக்கிறார்.

"எங்க கல்வெட்டுல யார் பேர் முதல்லங்கிற சண்டை முடிஞ்சுதா?" என்று மனைவி கேட்டாள். அவள் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்றைக்குக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் அதைத்தான் பேசியிருந்தோம். இரண்டு பெரிய நன்கொடையாளர்கள், ஒரே அளவு காணிக்கை, ஒரு கல். இன்னும் முடியவில்லை என்றேன்.

அதற்கப்புறம் நான் அசையாமல் பார்த்தேன்.

ஹென்றி எதிர்பார்ப்பது, தூதன் வந்துவிட்டான், இனி பணம் வந்துவிடும் என்று. டட்லி செய்வதெல்லாம் வேறு. அலுவலகத்தின் கார்டுகளை ஒரு நொடியில் அடுக்கிவைக்கிறான். ஹென்றியின் சின்ன மகளுக்கு, தாவீது என்ற மேய்ப்பப் பையன் சங்கீதம் எழுதின கதையைச் சொல்கிறான். கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன் என்ற அந்தச் சங்கீதம்தான். ஹென்றி மனைவியோடு வெளியே போவதாக ஒப்புக்கொண்டு, வேலையால் வர முடியாமல் போகிற ஒவ்வொரு முறையும், அந்த இடத்தில் டட்லி போய் நிற்கிறான். ஒருகாலத்தில் ஹென்றியும் ஜூலியாவும் சேர்ந்து சாப்பிட்ட உணவகத்துக்கு அவளைக் கூட்டிப்போகிறான். ஹென்றியின் பழைய சின்ன ஆலயத்தில் கொயர் பயிற்சி. பையன்கள் யாரும் வரவில்லை, ஓரிருவரை வைத்துக்கொண்டு பாட்டு தொடங்குகிறது. பாடப் பாட ஒவ்வொருவராக உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் சேர்கிறார்கள், குரல் ஏறிக்கொண்டே போகிறது. நான் பார்த்த கிறிஸ்துமஸ் காட்சிகளில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் சபை என்றால் என்னவென்று அதில் இருக்கிறது. பிறகு உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுகிறார்கள், கூடவே ஒரு டாக்ஸி ஓட்டுநரும். ஜூலியா சிரிக்கிறாள். லோரெட்டா யங்கின் முகத்தில் அந்தச் சிரிப்பு வரும்போதுதான், அதுவரை அவள் எத்தனை நாளாகச் சிரிக்காமல் இருந்திருப்பாள் என்று உறைக்கிறது.

ஹென்றி என்ன செய்கிறார்? அந்த நேரத்தில் திருமதி ஹாமில்டன் வீட்டில், நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டிவிட்டு எழப்போனால், நாற்காலி அவரை விடவில்லை. ஒட்டிக்கொண்டுவிட்டது. டட்லியின் வேலை. திரையரங்கில் எல்லாரும் சிரித்திருப்பார்கள். என் மனைவியும் சிரித்தாள். நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். ஒன்பது வருடமாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலி.

இந்தப் படத்தின் தைரியம் எங்கே இருக்கிறது என்றால், தேவதூதன் காதலில் விழுகிறான். ஒரு பேராயரின் மனைவிமேல். 1947-இல். அதை அசிங்கமாகவும் காட்டவில்லை, விளையாட்டாகவும் தள்ளிவிடவில்லை. போக வேண்டிய நேரம் வந்த பிறகும், இங்கேயே தங்கிவிடலாமா என்று அவனுக்கு ஆசை வருகிறது. அதை அவளிடம் சொல்லவும் செய்கிறான். அவள் ஒரு நொடி நடுங்கி, நீங்கள் போய்விட வேண்டும் என்கிறாள். கடவுளிடமிருந்து வந்தவனுக்கே இந்த ஏக்கம் வரலாம் என்று ஒரு படம் ஒப்புக்கொள்கிறது. மனுஷர்களான நாம் நம் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் இருக்கிறோம், பரலோகத்திலிருந்து வந்தவன் பார்த்து ஏங்குகிறான்.

ஹென்றிக்குக் கோபம் பொங்குகிறது, பயமும். நம்பிக்கையே இல்லாத பழைய பேராசிரியர் ஒருவரிடம் போய்ப் புலம்புகிறார். அவர் சொல்லும் புத்தி எளிமையானது: ஜூலியா வானத்தைச் சேர்ந்தவள் அல்ல, பூமியைச் சேர்ந்தவள், நீயும் பூமியைச் சேர்ந்தவன், போய்ப் போராடு. பேராயருக்கு இதை ஒரு அவிசுவாசி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் திருமதி ஹாமில்டன் வீட்டில் டட்லி ஹார்ப் என்னும் பெரிய யாழை வாசித்திருக்கிறான். அந்த அம்மா இளம்வயதில் நேசித்த, வறுமைக்குப் பயந்து கைவிட்ட ஒருவன் அவளுக்காக எழுதின இசை அது. அவன் செத்துப்போய் எத்தனையோ வருடம். கேட்டதும் அவள் உடைந்துபோகிறாள். பேராலயத்துக்கு என்று வைத்திருந்த பணத்தைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்க முடிவு செய்கிறாள். பெயர்க்கல் இல்லாமல். இந்தப் படத்தில் இறந்தவர் ஒருவர் மேல் இன்னும் மிச்சமிருக்கிற காதலுக்கு எந்தக் கடிதமும் அனுமதி தரவில்லை. அவள் அழுகிறாள், படம் அவள் அழும் வரை காத்திருக்கிறது.

கடைசியில் ஹென்றி தூதனிடம் கேட்கிறார்: நான் பேராலயத்துக்காக ஜெபித்தேனே? இல்லை, நீ கேட்டது வழிகாட்டுதல், அது உனக்குக் கொடுக்கப்பட்டது என்கிறான் டட்லி.

நான் அந்த இடத்தில் மனைவியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இந்தப் படத்தை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறாள் என்று அப்போதுதான் சொன்னாள். "நீங்க வர்றப்ப எப்பவும் பாதி ஓடியிருக்கும். அந்தத் தொப்பி எங்கேர்ந்து வந்துச்சுன்னுகூட உங்களுக்குத் தெரியாது."

தொப்பியா? ஜூலியா தலையில் ஒரு புதுத் தொப்பி இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் மனதில் வந்தது.

இதே கதையை 1996-இல் 'தி பிரீச்சர்ஸ் வைஃப்' என்று மறுபடி எடுத்தார்கள். பென்னி மார்ஷல் இயக்கம். டென்சல் வாஷிங்டன் தூதன், விட்னி ஹூஸ்டன் போதகரின் மனைவி, கோர்ட்னி பி. வான்ஸ் போதகர். பாட்டு என்று பார்த்தால் புதிய படம்தான் பல படி மேலே. விட்னி கொயருக்கு நடுவில் நின்று பாடும்போது உடம்பு சிலிர்க்கும், அந்த இசைத்தட்டு காஸ்பல் என்னும் கிறிஸ்தவப் பக்தி இசையிலேயே மிக அதிகம் விற்றது என்பார்கள். ஆனால் தூதனின் வலி அதில் லேசாகிவிட்டது. பழைய படத்தில் கேரி கிராண்ட் கதவருகே நின்று திரும்பிப் பார்க்கும் பார்வை இதில் இல்லை.

விசுவாசமும் காதலும் ஒன்றையொன்று அலங்கரிக்காமல், ஒன்றுக்குள் ஒன்று இருக்கிற கதை எது என்று யோசித்தால், எல்லாவற்றுக்கும் முதல் கிறிஸ்துமஸ் கதையே அதுதான். நிச்சயிக்கப்பட்ட ஒரு பெண், நிச்சயிக்கப்பட்ட ஓர் ஆண். அக்கால யூத வழக்கப்படி நிச்சயம் என்பதே கல்யாணத்துக்குச் சமம், முறிக்க வேண்டுமென்றால் தள்ளுதற்சீட்டு கொடுக்க வேண்டும். அவள் கர்ப்பமாக இருக்கிறாள், குழந்தை அவனுடையது அல்ல. மத்தேயு ஒரே வசனத்தில் அவனைப் படம்பிடித்துவிடுகிறார்: நீதிமானாயிருந்து, அவளை அவமானப்படுத்த மனதில்லாமல். தூதன் கனவில் வந்து பேசுவது அதற்குப் பிறகுதான். அதாவது, விளக்கம் கிடைப்பதற்கு முன்பே, தான் ஏமாற்றப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த இரவிலும், அவளுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று யோசேப்பு நினைத்திருக்கிறான். நான்கு சுவிசேஷங்களிலும் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. எழுந்தான், சேர்த்துக்கொண்டான், போனான், திரும்பிவந்தான். எல்லாம் வினைச்சொற்கள்.

2006-இல் வந்த 'தி நேட்டிவிட்டி ஸ்டோரி' இதை நன்றாகப் பிடித்திருந்தது. வத்திக்கானில் முதல் காட்சி கண்ட முதல் முழுநீளத் திரைப்படம் அதுதான். இயக்கியவர் கேத்தரின் ஹார்ட்விக். மரியாளாக நடித்த கெய்ஷா கேஸில்-ஹியூஸுக்கு அப்போது 16 வயது, யோசேப்பு ஆஸ்கர் ஐசக். பெத்லகேமுக்குப் போகும் நீண்ட வழியில், ஒரு இரவில், நடந்து நடந்து ரத்தம் கசியும் யோசேப்பின் பாதங்களை அவன் தூங்கும்போது மரியாள் கழுவிவிடுகிறாள். வயிற்றில் இருக்கும் குழந்தையிடம், உனக்கு நல்ல தகப்பன் கிடைத்திருக்கிறான் என்று மெல்லச் சொல்கிறாள். முத்தம் இல்லை, பனி இல்லை. படத்தின் மற்ற பகுதிகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, ஞானிகள் மூவரின் வேடிக்கை வழியைத் தடுக்கிறது. அந்தப் பாதங்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. ஒரு கிறிஸ்துமஸ் காதல் படத்தில் எனக்கு வேண்டியது இதுதான். கேட்டது கிடைக்காத வழியில், அல்லது என்ன கிடைத்திருக்கிறது என்றே புரியாத வழியில், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது.

ஆனால் மனைவி சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. முடிவு முன்பே தெரிந்த படம் என்று நான் குறையாகச் சொன்னதுதான் அவளுக்கு அந்த டிசம்பரில் கிடைத்த ஒரே நிம்மதி. ஆஸ்பத்திரியில் அடுத்து என்ன சொல்வார்களோ என்று ஒவ்வொரு மணி நேரமும் நெஞ்சு அடைத்துக் காத்திருந்தவளுக்கு, யாருக்கும் எதுவும் ஆகாது என்று உறுதியாகத் தெரிந்த 84 நிமிடங்கள் வேண்டியிருந்தன. அவள் பக்கத்தில் அந்த 84 நிமிடம் உட்கார வேண்டியவன் நான். நான் சிமென்ட் விலையைப் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அழ ஓர் இடம் வேண்டியிருந்ததுபோலவே எனக்கு ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டியிருந்தது. கடவுளின் வேலை என்ற பெயர் இருந்ததால் அதை யாரும் ஓடுவது என்று சொல்லவில்லை, பாராட்டினார்கள்.

நாங்கள் அதைப் பற்றி அன்று இரவு பேசினோம். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்தப் பொம்மையைப் பற்றி, மடியில் மூடிவைத்த பாட்டுப் புத்தகத்தைப் பற்றி. அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

கட்டிடம் இன்னும் முடியவில்லை. குழுவில் இன்னும் இருக்கிறேன், ஆலயம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாதத்தில் எத்தனை கூட்டம், எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதை மட்டும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு சரி என்றார்.

இந்த டிசம்பரில் மூன்றாவது சனிக்கிழமை ஆறரை மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்குக் கூட்டம் இல்லையா?" என்றாள்.

"இருக்கு. நான் போகல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். போர்வையில் பாதியை என் பக்கம் தள்ளினாள். "அந்தப் படத்தையே போடவா?"

"போடு. முதல்லேர்ந்து."

தெருவெல்லாம் பனி. கோட் போட்ட ஒருவர் நிதானமாக நடந்து வருகிறார். கண் தெரியாத ஒருவரை வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வைக்கிறார். உருண்டோடும் ஒரு குழந்தை வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார். அந்தக் காட்சியில் மனைவி என் கையைப் பிடித்தாள், விடவில்லை. அப்புறம் ஒரு கடைக் கண்ணாடி. அதற்குள் ஒரு தொப்பி. வெளியே, பனியில், ஜூலியா தனியாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாங்கப் போவதில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

"இதான் அந்தத் தொப்பி" என்றாள் மனைவி.